ஒன்றாம் நம்பரின் விலகல் கடிதம்

2021 செப்டம்பர் 5, ஞாயிறு

சூட்டி மகன், இன்றைக்கும் மழை. ஊரடங்கை இன்னும் நீட்டப் போகிறார்களாம், அம்னா சொன்னாள். உன் தங்கச்சி இப்போதெல்லாம் சத்தமாகக் கதைப்பதில்லை.

உன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதே.

செப்டம்பர் 8

குசினி ஜன்னலால் பார்த்தால் கிரவுண்ட் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல். ஏப்ரல் கடைசியில் மெச் நின்றதிலிருந்து ஒருத்தரும் கால் வைக்கவில்லை. நம்ம அலவத்துகொட மழைக்குப் புல் கேட்கவா வேண்டும்.

நம்ம வீட்டுப் பக்கத்துக் கோல் போஸ்ட்டுக்கு நடுவில் மட்டும் புல் இல்லை. ரெண்டு கால் வைத்து நிற்கிற அளவுக்குச் செம்மண். நீ நிற்கிற இடம்.

நீ மிதித்து மிதித்து வேர் செத்திருக்கும். அப்படித்தானே?

செப்டம்பர் 12

இன்றைக்கும் பார்த்தேன். மழை விட்டு ரெண்டு நாள். மண் புதிதாக மிதித்த மாதிரி இருந்தது. அம்னாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது உன் போன் மட்டும்தான். அதை நான் அணைப்பதில்லை. இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அம்னா போட்டுக் காட்டினாள். உங்கள் மெச் பார்க்கிற ஆட்கள் எல்லாரும் குரல் அனுப்பிச் சண்டை பிடிக்கிறார்கள்.

எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். எட்டு டீம். எல்லா மெச்சும் முடிந்து கடைசி ஒன்றுதான் மிச்சம், உங்கள் கிரீன் ஹில்லும் பாலத்தடியும். நீங்கள் ஒரு பொயின்ட் கூட. அதோடு கொரோனா வந்து நிறுத்தியாச்சு. இனி எப்படி முடிக்கிறது?

உங்கள் ஆட்கள், “முன்னுக்கு நிக்கிறது நாங்க, சாம்பியன் கப்பத் தாங்க, வேலை முடிஞ்சி” என்கிறார்கள். பாலத்தடி ஆட்கள் விடுவார்களா. ஒருத்தன் சொல்கிறான், “கொரோனா வந்ததாலதான் நீங்க தப்பின. கப்ப அந்தக் கிருமிக்குக் குடுங்க, அதுதான் ஒங்களுக்கு நல்லா வெளையாடின.” அதற்குப் பதில், “ஒங்கட டீமுக்கு ஊசி ரெண்டில்ல, பத்து அடிச்சாலும் கோல் வராது.”

என் நானாவின் குரலும் வந்தது. உன் மர்சூக் மாமா. வெட்கமில்லை, அம்பத்தெட்டு வயசில் பாலத்தடிக்காகக் கத்துகிறார். “ஒண்டும் வேணாம், சீசன ரத்து செய்ங்க. அடுத்த வருஷம் புதுசாத் தொடங்குவோம்.”

மூன்று மாசத்துக்குப் பிறகு நானும் அம்னாவும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24, வெள்ளி

அரூஸ் வந்தான். உங்கள் லீக்கின் செயலாளர். கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்றான். கதிரை போட்டும் உட்காரவில்லை.

“மாமி, எல்லாரும் ஒத்துக்கொண்டாச்சி. அந்த ஒரு மெச்ச வெளையாடித்தான் முடிக்கிற.”

நல்லது மகன் என்றேன். அவன் போகவில்லை. ஒரு கடதாசியை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தான்.

ஒரு டீமுக்குப் பதினஞ்சு பேர்தான் எழுதலாமாம். அதில் ஒருத்தர் விலகினால்தான் புது ஆளை எழுதலாம். கிரீன் ஹில்லில் கோல் காக்க எழுதியிருந்தது நீ ஒருத்தன்தான். உன் பெயரை எடுக்காமல் வேறு ஒருத்தனை நிறுத்தினால் பாலத்தடி ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். விலகுகிறவர் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் வீட்டு ஆள்.

அம்னா வாசித்தாள். “கீழே கையொப்பமிடும் நான் எனது சொந்த விருப்பத்தின் பேரில் அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.”

“இந்த ஃபோர்ம் மட்டும்தான் ஈக்கி மாமி. மௌத்தாகினவங்களுக்கு எண்டு ஒண்டு அச்சடிக்கல்ல.” அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். இறந்தவனுக்கும் இதே கடதாசிதான்.

அக்டோபர் பத்துக்குள் கொடுக்காவிட்டால் மெச் இல்லை. சீசன் ரத்து.

செப்டம்பர் 25

சொந்த விருப்பமா? நீ விரும்பியா போனாய்?

செப்டம்பர் 29

தூக்கம் இல்லை. எழுதினால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும்.

ஜூன் பதினொண்டு. அம்பியூலன்ஸ்ல நீ நடந்துதானே ஏறின. கையக் காட்டி, “வாறேன் உம்மா” எண்டு செல்லித்தானே போன. அதுக்குப் பொறகு நான் எனத்தக் கண்ட? ஒரு மூடின பெட்டி. அதுவும் போன்ல, படமா. கொரோனாவில போனவங்கள அடக்கிற ஓட்டமாவடியில ஒரு நம்பர். அங்க போக எனக்கு விடல்ல. கட்டார்லருந்து வர ஒன்ட வாப்பாவுக்கும் ஏலல்ல. முகத்தக் காட்டல்ல. யார்ட முகத்தையும் காட்டல்ல.

பெட்டிக்குள்ள நீதான் எண்டு நான் எப்படிக் கையெழுத்து வெக்கிற?

அக்டோபர் 3, ஞாயிறு

ஊரடங்கு எடுத்து மூன்றாம் நாள். மர்சூக் நானா வந்தார். முற்றத்திலேயே நின்றார், தனக்குச் சளியோ காய்ச்சலோ இல்லையாம், இருந்தாலும் கவனமாம்.

“தங்கச்சி, கையெழுத்து வெச்சிடு.”

எனக்குக் கோபம் வந்தது. “ரத்து செய்யணும் எண்டு கத்தினது நீங்கதானே? நான் வெக்காட்டி ஒங்களுக்கு நல்லதுதானே.”

அவர் கிரவுண்ட் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். “ரத்து எண்டா எனத்த தெரியுமா? ஒரு மெச்சும் நடக்கல்ல எண்டு எழுதுவாங்க. பெப்ரவரியில எங்கட பெனல்டிய மருமகன் அர்கம் பிடிச்சான். எடது பக்கம் பாஞ்சி, ஒத்தக் கையால. அண்டைக்கி நான் அவனுக்கு ஏசாத ஏச்சில்ல. வீட்ட போய் சோறு திங்கல்ல. அது நடக்கல்ல எண்டு ஒருத்தன் எழுதினா எனக்குத் தாங்க ஏலா. நான் கத்தக்கொள்ள இத யோசிக்கல்ல.”

“வெச்சா அவன் தானா விலகினான் எண்டு ஆகும்.”

“வெக்காட்டி அவன் வெளையாடவே இல்ல எண்டு ஆகும்.”

போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அக்டோபர் 9

வைத்தேன்.

அம்னா கேட்டாள், அந்த வரியை வெட்டட்டுமா உம்மா என்று. வெட்டினால் கடிதம் செல்லாதாம். என் பெயரை எழுதினேன். பக்கத்தில் “தாய்” என்று எழுதினேன். எழுத்து நேராக வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 17

இன்றைக்கு மெஷினால் புல் வெட்டினார்கள். அரூஸ் தண்ணீர் கேட்டு வந்தான். குடித்துவிட்டு, “மாமி, இந்தப் போஸ்ட்டில யாரும் ப்ரக்டிஸ் பண்ண வாறாங்களா?” என்றான்.

இல்லை என்றேன்.

அவன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கண் அந்தச் செம்மண்ணிலேயே இருந்தது.

அக்டோபர் 31, ஞாயிறு

மெச் ஒன்றுக்கு ஒன்று. அந்த ஒரு பொயின்டால் கப் உங்களுக்கு. மர்சூக் மாமா உங்கள் ஆட்களுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், முகத்தை உர் என்று வைத்துக்கொண்டு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கு இல்லை.

பார்க்க ஆள் வரக்கூடாது என்று சுகாதார அதிகாரி, பி.எச்.ஐ., சொல்லியிருந்தார். அதனால் சனம் எல்லாம் வீட்டுக் கூரைகளில், மதில்களில். நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. தூரத்தில் நிற்பவர்கள் ஆட்களா, காயப் போட்ட துணியா என்று தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. இத்தனை பேர் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் அம்னாவும் ஜன்னலில்.

தொடங்க முந்தி உங்கள் டீம் வரிசையாக நின்றது. எல்லாருக்கும் மாஸ்க். அரூஸ் பெயர் கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘யெஸ்’. புதுக் கீப்பர் முதல் ஆளாக நின்றான், சதீஸ் என்று ஒரு பிள்ளை, ஊர் அம்பிட்டியவாம். கையில் பட்டியல் இருந்தும் அரூஸ் அதைப் பார்க்கவில்லை. சீசன் முழுக்கக் கூப்பிட்ட வாய், பழைய பெயர் வந்துவிட்டது.

“நம்பர் ஒண்டு, அர்கம்.”

சொன்னதும் அவனே விறைத்துப் போனான். சதீஸ் தலையைக் குனிந்தான். அம்னா என் கையைப் பிடித்தாள்.

“யெஸ்.”

கேட்டது, சூட்டி. நான் மட்டும் இல்லை. அம்னாவின் நகம் என் கையில் இறங்கியிருக்கிறது, இன்னும் தடம் இருக்கிறது. மதிலில் இருந்த நானா எழும்பி நின்றுவிட்டார். பதினொரு பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், யார் வாய் அசைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அரூஸ் ஒவ்வொருத்தனிடமும் கேட்டானாம். நான் இல்லை, நான் இல்லை என்று எல்லாரும் அழுதார்களாம்.

யாராவது ஒரு பிள்ளை இரக்கத்தில் சொல்லியிருக்கும். அம்னா அப்படித்தான் சொல்கிறாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் நீயாக இருந்தால், மகன் — நான் கையெழுத்து வைத்ததை உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா?