கொக்குகளுக்கு நடுவில் நின்றவர்

எடப்பாடி
9-4-1983

அன்பு நண்பன் செங்கோட்டையனுக்கு,

கந்தவேல் எழுதுவது. ராஜஸ்தான் வெயிலில் நீயும் உன் போர்வெல் ரிக் வண்டி ஆட்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பொய்த்ததால் கல்யாணங்கள் குறைவு. ஸ்டுடியோ ஏதோ நடக்கிறது.

உன் ஆத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். போன மாதம் கேமராவோடு உன் வீட்டுக்குப் போனேன். ஆத்தாள் கூச்சப்பட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொரு நாள் எடுக்கலாம் என்று திரும்பிவிட்டேன். அதற்குள் ஷட்டர் சிக்கிக்கொண்டு, கேமராவைச் சேலத்துக்கு ரிப்பேருக்கு அனுப்பும்படி ஆனது.

போன வாரம் வெள்ளிக்கிழமை பூலாம்பட்டிப் பக்கம் போய்விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கும் நேரம். சோளம் அறுத்துக் கிடக்கும் உங்கள் மேட்டுக்காடு முழுக்க வெள்ளைக் கொக்குகள். ஏரி வற்றியபின் இந்தப் பக்கம் கொக்கைக் கண்டே பல மாதம் ஆகிறது. அவற்றின் நடுவில், கிணற்று மேட்டில், ஆத்தாள் நின்றிருந்தார். கையில் தடி இல்லை. கூன் இல்லை. தலைமுடியை விரித்துவிட்டு, வடக்கே பார்த்தபடி நின்றார். அந்த மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்ததைப் போல இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்ததில்லை. கை தானாகத் தோளில் கேமராவைத் தேடியது. வெறும் தோள்.

அத்தனை கொக்குகளில் ஒன்றுகூட அசையவில்லை. அப்போதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. "ஆத்தா" என்று கூப்பிட்டேன். எல்லாம் ஒரேயடியாக எழும்பின. ஒரு சிறகின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவை போனபின் மேட்டில் யாரும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். புழுதியில் கொக்குகளின் கால்தடம் மட்டும் இருந்தது.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். ஆத்தாள் கட்டிலில் படுத்திருந்தார். உன் தங்கை பொன்னாத்தாள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து காய்ச்சலாம். எழுந்து உட்காரவும் முடியவில்லையாம். நான் பார்த்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆத்தாளே என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏஞ்சாமி, படம் புடிக்கிற பொட்டி கொண்டாரலையா? அத்தன நேரம் நின்னுட்டிருந்தனே."

காய்ச்சலில் பிதற்றுவதாகப் பொன்னாத்தாள் சொன்னாள்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள் பொன்னாத்தாள். எழுதிவிட்டேன்.

கேமரா நேற்று வந்துவிட்டது. ஆனால் இன்று அதை ஸ்டுடியோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆத்தாளைப் பார்க்கப் போனேன். படம் கைக்கு வந்தால், அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு போர் போட்டுவிட்டுப் போகலாம் என்று நீ இருந்துவிடுவாய். அதனால் எடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கடிதம் கண்டதும் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிடைக்கிற லாரியில் ஏறு. ஊருக்குள் வரும்போது பொழுது சாய்ந்திருந்தால் மேட்டுக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதே. அங்கே யார் நின்றாலும், எவ்வளவு அழகாக நின்றாலும், நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடு.

வழியில் உனக்கு ஒரு தடங்கலும் வரக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

உன் கந்தவேல்