சிவப்புப் பொத்தான்

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கடை வாசலில் இன்று ஏலக்காய் பன் வாசம் வந்தது. நின்ற இடத்திலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன என்னோடு இன்னுமா கோபம் என்று நீர் சிரிப்பீர். சிரியும்.

தொண்ணூறுகளில் இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் நாம் இருவரும் பிளாஸ்டிக் டப்பா அடுக்கினோம். பின்லாந்துக்காரியான நீர், வேலை முடிந்து போய் உமது மொழியில் கொலைக்கதை எழுதுவீர். ஆக்லாந்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. அதனால் தேநீர் இடைவேளையில், நீர் சுட்ட ஏலக்காய் பன்னை என் கையில் வைத்து, கதையை ஆங்கிலத்தில் சொல்வீர். பாதியில் நிறுத்தி, "யார் கொன்றது?" என்பீர். நான் சரியாகச் சொல்லிவிட்டால் கொலைகாரனையே மாற்றிவிடுவீர். எத்தனை பேரைத் தப்பவைத்தேனோ.

ஒரு நாள் புதுக்கதை தொடங்கினீர். உறைந்த ஏரிக்கரையில் ஓர் இளைஞனின் உடல். பச்சைச் சட்டை, அதில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு.

அந்தப் பொத்தானைத் தைத்தவள் நான். யாழ்ப்பாணத்தில் என் தம்பியைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு போனபோது அவன் போட்டிருந்த சட்டை அது. உம்மை நம்பித்தானே சொன்னேன்?

"அவன் சாகேல்லை!" என்று தமிழிலேயே கத்தினேன்.

விளங்காமல் விழித்தீர். ஆங்கிலத்தில் சொன்னதும் முகம் வெளுத்து, "உடல் இல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாதே" என்றீர். என்ன தொழிலம்மா அது! உடல் இல்லாமல்தான் என் அம்மா அங்கே இருந்தார், திவசம் கொடுக்க மறுத்து, அவனுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டு.

"அவ கதைதானே எழுதினவ, விடுமப்பா" என்றார் என் கணவர். அவரோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

நீர் மன்னிப்புக் கேட்டீர். கதையிலிருந்து உடலை மட்டும் எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே மிச்சக் கதையைக் கேட்டேன். உமது பொலிஸ்காரி அந்தப் பொத்தானோடு வீடு வீடாகப் போனாள். மேலதிகாரி வழக்கை மூடச் சொன்னான். அவள் மறுத்தாள். எங்கள் ஊரில் ஒருவன்கூட என் தம்பிக்காக ஒரு கதவைத் தட்டவில்லை.

உமது பொலிஸ்காரி இன்னும் கதவு தட்டிக்கொண்டிருக்கையிலேயே, முடிவை எழுதுமுன் நோய் உம்மைக் கொண்டுபோய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

அம்மா இன்னும் தொலைபேசியில் கேட்கிறார்: "தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ பிள்ளை?"

"தேடிக்கொண்டிருக்கினம் அம்மா" என்கிறேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றுவதில்லை.