எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டிய மருந்து

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள எழில் அப்பாவுக்கு,

நிர்மலா எழுதுவது. இங்கே நானும் எழில்மதியும் ஆகாஷும், பக்கத்து வீட்டில் உங்கள் தங்கை கண்ணகியும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆகாஷின் கைகளில் கட்டியிருந்த சாக்ஸைக் கழற்றினேன். தூக்கத்தில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறான் என்று எழில்மதியின் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுகிறேன். வலது கையில் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஊற வைத்துத்தான் எடுத்தேன். அவன் அழவில்லை. "அப்பா எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டான். 

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே, அறையில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று கட் செய்துவிடுகிறீர்கள். போன வாரம் கட் செய்வதற்கு முன்பு நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது: "எனக்கு இன்னா சொறி? மானத்த வாங்காத. நீ மொதல்ல அந்த மலை வேலைய வுடு, எல்லாம் தன்னால சரியாப் பூடும்." கடிதத்தைக் கட் செய்ய முடியாது. கடைசி வரை படியுங்கள்.

மலைப் பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று கண்ணகியும்தான் சொன்னாள். "மலைப் புள்ளைங்களோட ஒட்டிக்கினு இருந்தா வூட்டுக்கு இன்னா அண்ணி வரும்? பலாப்பழமா வரும்?" என்றாள். அவள் கைவைத்தியத்தை நம்பி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். நாலு நாள் சிவப்பு அடங்கியது, அப்புறம் இடுப்பு, தொடை, தொப்புள் என்று இரண்டு மடங்காகப் பரவியது. அது அரிப்பை அமுக்குமே தவிர பூச்சியைக் கொல்லாது என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி, தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறதாம். ராத்திரியில்தான் அரிப்பு அதிகமாகுமாம்.

அவர்கள் கொடுத்த மருந்தைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை ஒரு இடம் விடாமல் பூசி, ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்றார்கள். கண்ணகிக்கும் பூசினேன். ஆகாஷை நாளெல்லாம் இடுப்பில் வைத்திருப்பவள் அவள்தானே. "கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெக்கிற மாதிரி பூசிக்கினு இருக்கீங்க, மாப்பிள்ள எங்க?" என்று கிண்டல் செய்தாள். சிரித்தோம். பாய், தலையணை உறை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காய வைத்தேன்.

பிள்ளைகள் சொறியாமல் தூங்கினார்கள். எழில்மதி புண்ணை மறைக்கப் போட்ட முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டு மறுபடி அரைக்கை போட்டாள். பிறகு நீங்கள் வந்தீர்கள். வழக்கம்போல ஆகாஷ் உங்கள் மார்மேல் படுத்தான், எழில்மதி உங்கள் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். நீங்கள் போன சில நாளில் ஆகாஷின் விரல் இடுக்கில் புதுக் கொப்புளம். மறுபடி மருந்து, மறுபடி வெந்நீர். மறுபடி நீங்கள் வந்தீர்கள்.

மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "வீட்ல யாரு பூசல?" என்று மட்டும் கேட்டார்கள். எல்லோரும் பூசினோம் என்றேன். "இவங்க அப்பா?" என்றார்கள். சென்னைப் பக்கம் குடோனில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார் என்றேன். அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு உங்கள் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. போன முறை நீங்கள் தூங்கும்போது பார்த்தேன். விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்புக் கயிற்றுக்குக் கீழே எல்லாம் ஆகாஷுக்கு இருப்பது போலவே. கேட்டதற்கு, அட்டைப்பெட்டி தூக்குவதால் வரும் அலர்ஜி என்றீர்கள்.

உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில்தான் ராத்திரி ஷிப்டுக்காரர் படுக்கிறார், போர்வைகூட மாறுவதில்லை என்று நீங்களே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அங்கே யாருக்கு இருந்தாலும் எல்லோருக்கும் வரும். முதலில் மலையிலிருந்து நானே கொண்டுவந்து உங்களுக்குக் கொடுத்திருக்கவும் கூடும். யார் கொடுத்தது என்று நான் தேடவில்லை. யாரிடம் இன்னும் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

நீங்கள் குறை சொல்லும் மலை விடுதியில் நடந்ததையும் சொல்கிறேன். அங்கே முக்கால்வாசிப் பெண்களுக்கு இது இருந்தது. மருத்துவ முகாம் வந்தபோது, ஒரே சாயங்காலத்தில் பிள்ளைகள், வாட்ச்மேன், டீச்சர்கள், எல்லோருக்கும் பூசினோம். சமையல்கார இருசம்மாள், "எனக்குத்தான் அரிக்கவே இல்லயே டீச்சர், என்னை ஏன் இழுக்கிறீங்க?" என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டாள். பிள்ளைகளே போய் இழுத்து வந்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே செய்தோம். இன்று அந்த விடுதியில் ஒரு பிள்ளைகூடச் சொறிவதில்லை. ஒரு விடுதி முழுக்கச் சரியானது, என் வீட்டில் நான்கு பேருக்குச் சரியாகவில்லை. பஸ்ஸில் மலையிறங்கி வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வருகிறேன்.

எழில்மதி வகுப்பில் ஸ்கேலை முதுகுக்குள் விட்டுச் சொறிகிறாள் என்று பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்துவிட்டாளாம். ஆகாஷைக் குணமாகும் வரை அனுப்ப வேண்டாம் என்று அவன் பாலர் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். புதன்கிழமை காலையில் அவன் முகம் லேசாக உப்பியிருந்தது. வேலைக்குப் போகாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொறிந்த புண்ணில் சீழ் பிடித்து அப்படியே விட்டால், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரை போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். சிறுநீர் சோதித்தார்கள். இந்த முறை ஒன்றும் இல்லை. சீழுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், காய்ந்துகொண்டு வருகிறது. ஆனால் திரும்பத் திரும்ப இப்படி விடக்கூடாது என்றார்கள். சோதனை முடிவுக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

இந்தக் கடிதத்தையும் பையையும் சென்னைக்கு வரும் நம் தெருத் தமிழழகன் கொண்டுவந்து தருவான். மேலே முறுக்கு இருக்கிறது, அடியில் மருந்து. உங்களுக்கு மட்டும் இல்லை, அறையில் இருக்கும் எல்லோருக்கும், இரண்டு முறைக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். நீங்கள் மட்டும் பூசிக்கொண்டு அதே பாயில் படுத்தால் பயனில்லை. அவர்களிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் ராத்திரி சொறிந்துகொண்டுதான் படுத்திருப்பார்கள், யாராவது ஒருவர் முதலில் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே நாங்கள் பூசுகிறோம், அன்றைக்கே அங்கேயும் பூசுங்கள். அடுத்த வெள்ளி மறுபடி. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாமாம், பயப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. விடுதிக்குக் காப்பாளராக வருகிறாயா, தங்க அறை உண்டு, எழில்மதியை இங்கேயே ஆறாவதில் சேர்த்துக்கொள்ளலாம், சின்னவனுக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது என்று தலைமையாசிரியை கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குச் சரி என்று சொல்லப் போகிறேன். வெள்ளிக்கிழமை மருந்து பூசி, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் குளிக்க வைத்து, துவைத்த துணிகளோடு மலை ஏறிவிடுவோம். பெண்கள் விடுதி, ஆண்கள் இரவு தங்க அனுமதி இல்லை. அது தெரிந்தேதான் போகிறேன். இந்தச் சனிக்கிழமை வராதீர்கள், வீடு பூட்டியிருக்கும். கண்ணகியிடம் இன்னும் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டாவது முறையும் எல்லோரும் பூசி முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வாரமே பிள்ளைகளோடு இறங்கி வந்து கதவைத் திறந்து வைக்கிறேன். ஆகாஷ் உங்கள் மார்மேல்தான் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
நிர்மலா.