நனைந்த காட்டில் அடுப்பு

ஐப்பசி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். பரணிலிருந்து சுரைக்குடுக்கையை இறக்கினேன். தேன்மெழுகு அடைப்பு அப்படியே இருக்கிறது. உள்ளே சிக்கிமுக்கிக் கல், இரும்புத் துண்டு, பொறி பிடிக்கக் கருக்கி வைத்த துணி. மூன்றும் சுகம்.

எடுக்க வேண்டியவை: கொடுவாள் (சாணை பிடிக்க), கயிறு, பித்தளைச் சட்டி, அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய், கம்பளி.

ஐப்பசியில் ஒரு நாள் காட்டில் தங்குவது என் வழக்கம். வேண்டுதல் கிடையாது. விறகுக்கும் இல்லை. கையால் நெருப்பு உண்டாக்கி, இலைக்குடிசை கட்டி, சோறாக்கித் தின்றுவிட்டு வருவேன். அதில் ஒரு சந்தோஷம். ஹனூர்ப் பக்கம் காட்டோரத்தில் பிறந்தவள் நான். பத்து வயதில் ஆரம்பித்தது, இப்போது அறுபத்து மூன்று.

மகன் பழனி சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"அம்மா, இந்த வருசம் வேண்டாமே. வயசாச்சு. தெருவுல சிரிக்கறாங்க."

தெருவில் எவரும் சிரிக்கவில்லை. சிரிப்பவர் அவன் மாமனார் ஒருவர்தான்.

ஐப்பசி 13, செவ்வாய்

மழை விடவில்லை. முட்டி வலி, எண்ணெய் தேய்த்தேன். சம்பந்தி வந்தார்.

இவர் பழனி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "போயும் போயும் ஒரு காட்டுக்காரி வீட்டுக்கா பொண்ணைக் குடுத்தோம்" என்றார். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அன்று அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. பாயசம் மூன்று தரம் வாங்கினார். மூன்றாவது தரம் ஊற்றியது நான்.

இன்று சொன்னார்: "நானும் கூட வர்றனுங்க. இந்த மழையில நீங்க அடுப்பு மூட்டிட்டா அப்புறம் யாரும் தடுக்க மாட்டோம். முடியலீன்னா இதோட விட்டுப்போடோணும்."

"சரிங்க. ஆக்குன சோத்தை நீங்களும் திங்கோணும்."

உள்ளே மருமகள் பொன்னம்மா சிரிக்கிற சத்தம். அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

முடியாவிட்டால் இனி காடு இல்லை. என் வாயாலேயே ஒத்துக்கொண்டேன்.

ஐப்பசி 15, வியாழன். காட்டில்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வரை ரயில். பிறகு மாட்டுவண்டி. வண்டிக்காரன் காட்டோரத்திலேயே நின்றுவிட்டான். நான், பழனி, சம்பந்தி உள்ளே நடந்தோம். சம்பந்தியின் வேட்டி முள்ளில் மாட்டி முழங்கால் வரை கிழிந்தது.

நல்ல மழை. சம்பந்தி தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மருந்தெல்லாம் குழைந்துபோயிற்று. எப்படியும் நான் அதைத் தொட்டிருக்கமாட்டேன்.

தரையில் கிடக்கும் சுள்ளி ஆகாது. நின்றபடியே பட்டுப்போன மூங்கிலைப் பிளந்து உள்பக்கம் சுரண்டினால் தலைமயிர் மாதிரி சீவல் வரும். ஒரு தூக்கணாங்குருவி விட்டுப்போன கூடும் கிடைத்தது. உள்ளே காய்ந்த புல். இலைக்குடிசை கட்டி, உள்ளே தரை ஈரம் ஏறாமலிருக்கத் தடிகளைப் பரப்பி அவற்றின்மேல் அடுப்பு.

கல்லில் இரும்பால் முதல் பதினைந்து தட்டு, ஒன்றுமில்லை. கை வழுக்கியது.

"விட்டுருங்க சம்பந்தியம்மா, தோத்தா என்ன இப்போ?"

பதினெட்டாவது தட்டில் துணியில் செம்புள்ளி. கூட்டுக்குள் வைத்து ஊதினேன். புகை. இன்னும் ஊதினேன். பிடித்தது! பழனி குழந்தை மாதிரி கத்திவிட்டான்.

சம்பந்திக்குச் சும்மா நிற்க வெட்கம். ஒரு கட்டு விறகு பொறுக்கி வந்தார். அதில் ஒரு கொம்பு பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

"இதைக் கீழ போடுங்க. சந்தனம்."

"வாசமே இல்லீங்களே!"

மேல்கட்டைக்கு வாசம் இருக்காது. கொடுவாளால் ஒரு போடு போட்டு நடுவயிரத்தை அவர் மூக்கருகில் காட்டினேன். முகம் வெளுத்தது. சந்தன மரம் யார் நிலத்தில் நின்றாலும் மகாராஜாவுக்குச் சொந்தம். ஒடிந்து விழுந்த கொம்பும் அப்படித்தான். சம்பந்தி மைசூரில் பிறந்து வளர்ந்தவர், சந்தனத்தைத் தைலமாகத்தான் பார்த்திருக்கிறார்.

கொம்பை அவர் கையிலேயே விட்டிருக்கலாம், மாட்டினால் அவர்தான் மாட்டுவார். ஒரு நிமிஷம் விடலாம் என்றுதான் நினைத்தேன். பந்தியும் பாயசமும் கண்முன் வந்தன. பிறகு நானே எடுத்துப்போய் அது விழுந்துகிடந்த சந்தன மரத்தடியில் போட்டேன். என் அடுப்பில் திருட்டு விறகு எரியக்கூடாது.

சோறு வடிக்கும்போது புகை பார்த்துக் காட்டுக் காவல்காரன் வந்தான். விறகை ஒவ்வொன்றாகப் புரட்டினான். சம்பந்தி என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். குறை ஒன்றுமில்லை என்றதும் அடுப்பைச் சுற்றி வந்து பார்த்தான். இந்த மழையில் மூட்டியது யார் என்று கன்னடத்தில் கேட்டான்.

சம்பந்தி முந்திக்கொண்டு, "நம்ம பீகித்தி" என்றார். சம்பந்தியம்மாளுக்கு அவர்கள் பாஷையில் அப்படித்தான் பெயர். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தினார். ஏதோ அவரே ஊதின மாதிரி.

காவல்காரனும் ஒரு இலையில் சாப்பிட்டுப் போனான். சம்பந்தி மூன்று தரம் வாங்கினார். மூன்றாவது தரமும் நானே போட்டேன்.

ஐப்பசி 17, சனி

வெயில். கம்பளி காய்கிறது. தும்மல் எனக்கில்லை, பழனிக்கு.

சம்பந்தி வந்தார். பழனியிடம், "அடுத்த வருசம் எந்தத் தேதின்னு இப்பவே கேட்டு வையுங்க மாப்பிள்ளை" என்றார். கல்யாணத்தில் சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

கிழிந்த வேட்டியை மட்டும் கேட்டேன். கொடுத்துவிட்டார். நல்ல பழைய பருத்தி. மத்தியானம் துண்டு துண்டாக்கி, மூடின டப்பாவில் வைத்துக் கருக்கினேன். அடுத்த வருஷத்து நெருப்புக்கு. முதல் தட்டிலேயே பிடிக்கும்.