பஹ்ரைனில் அப்பா குடித்த ஒன்பது கப் காபி

தொண்டாமுத்தூர்

அன்புள்ள லோகப்பிரியா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், போன வாரம் யானை தோப்புக்குள் புகுந்து நாலு தென்னங்கன்றைச் சாய்த்துவிட்டுப் போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். பஹ்ரைனிலிருந்து நாங்கள் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று நீ ஏர்போர்ட்டில் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். உன் சிநேகிதி ஆஃப்ரின் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள் அல்லவா, அவளிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. உன்னைப் பார்க்க மட்டும் நான் வரவில்லை, கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகம் என் கைப்பையிலேயே இருந்தது, உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. நாலு பக்கமும் கடல், நடுவே மணல், அதில் என் பெண் தனியாக என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். வளைகுடா என்றாலே வெயில்தான் என்று ஜனவரியில் ஒரு ஸ்வெட்டர்கூட எடுக்காமல் வந்து, உன் போர்வையைச் சுற்றிக்கொண்டு மனாமா கடைத்தெருவில் நடந்தேனே. உங்கப்பா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் காரில் போய்விட்டு, நம்ம காரமடையிலிருந்து பொள்ளாச்சி போற தூரங்கூட இல்லியே அம்மணி, இதுக்குள்ள ஒரு தேசமா என்று வாயைப் பிளந்தார். பேரீச்சை மரத்தைப் பார்த்ததும் மட்டை கழித்த விதம் சரியில்லை என்று ஆரம்பித்தவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலைகூடக் கண்ணில் படாததுதான் முதல் இரண்டு நாளும் பெரிய குறையாக இருந்தது.

உன்னோடு வேலை பார்க்கிற மரியம் வீட்டுக்குப் போனோமே, அன்றைக்குத்தான் என் மனசு மாறியது. நீயும் அவளும் சமையலறைக்குள் போய்விட்டீர்கள். அவள் அப்பா தன் கையாலேயே அந்தச் சின்னக் கப்பில் காபி ஊற்றிக் கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஏலக்காய் வாசம் மட்டும். உங்கப்பா குடித்துவிட்டு மரியாதையாக இரண்டு கையாலும் கப்பைத் திருப்பி நீட்டினார், அவர் மறுபடி ஊற்றினார். இவர் குடித்தார், நீட்டினார், அவர் ஊற்றினார். இவருக்கு இருக்கிற பிரஷருக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஏனுங்க, போதும்னு சொல்லுங்க என்று காதோடு சொன்னால், பெரிய மனுசன் நின்னு ஊத்தறாரு, வேண்டாம்னா நல்லாவா இருக்கும், பேசாம இரு என்கிறார். ஒன்பதாவது கப்பில் நீ ஓடி வந்து அதை வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிய பிறகுதான், அப்படி ஆட்டினால் போதும் என்று அர்த்தம் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அந்த மனுஷரோ, விருந்தாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று இன்னொரு கெட்டில் போடச் சொல்லிவிட்டாராம்.

அப்போது நீ அரபியில் என்னவோ சொன்னாய், வீடே சிரித்தது. நீங்க எங்க ஊருக்கு வந்தா எங்கப்பா இளநீர் வெட்டுவார், கப்பை ஆட்டினாலும் விடமாட்டார் என்று சொன்னேன் என்றாய். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ரூமைச் சாத்திக்கொள்கிற பெண் நீ. மரியத்தின் அம்மா உன் தோளில் கை போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையைத் திறக்கவே இல்லை.

பொள்ளாச்சிக்கு நேற்று நானே போன் செய்து, பொண்ணு இன்னும் ரெண்டு வருசம் அங்கயே வேலை பாக்கட்டுமுங்க என்று சொல்லிப்போட்டேன். அதுவரைக்கும் யாருங்க காத்திருப்பாங்க என்றார்கள். அப்படின்னா நீங்க வேற இடம் பாருங்க என்றேன். போனை வைத்த பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அப்பாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன், இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே என்று ஒரே வார்த்தைதான் கேட்டார்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. படுக்கும்முன் கேஸை மூடு, தலைக்குக் குளித்துவிட்டு ஏசியில் உட்காராதே, எத்தனை வேலை இருந்தாலும் சாப்பிட்டேன் என்று தினம் ஒரு மெசேஜ் போடு. ஆஃப்ரினிடம் பருப்புப் பொடியும் தேங்காயெண்ணெயும் கொடுத்திருக்கிறேன், மரியம் வீட்டுக்கும் ஒரு பாட்டில் உண்டு. காரமடை ரங்கநாதர் உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டார், தீர்க்காயுசாக இரு கண்ணு.

தாராளமாகக் கையெழுத்துப் போடு. போடுவதற்கு முன்னால், வருஷத்துக்கு முப்பது நாள் லீவு என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார். அந்த முப்பது நாளும் எனக்கு.

உன் அம்மா,
புவனா