சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு பேரு

பினாங்கு
9 பிப்ரவரி 2025

சித்ரா அக்காவுக்கு,

பிரேம் எழுதுறேன். நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். வீடு முழுக்க உனக்குத்தான், கரண்ட் இருந்தா ஃபேனும் உனக்குத்தான். நான் இங்க அப்பா குறட்டைக்கும் அம்மா சாமி பாட்டுக்கும் நடுவுல கிடக்குறேன்.

என் போன் கடல்ல போயிடுச்சு. ஃபெர்ரியில எட்டிப் பாத்தேன், அம்மா "விழுந்துடாதடா"ன்னு சட்டையப் புடிச்சு இழுத்தாங்க. நான் விழல, போன் விழுந்துச்சு. ரங்கூன்ல பபேடான் கடைத்தெருவுல ஊரு பூரா போனை ரிப்பேர் பண்றவனுக்கு இந்தக் கதி. அதான் காகிதம். நம்ம ஊர்ல இருந்து சாமான் கொண்டு வந்து விக்கிற நம்ம தேவராஜ் அண்ணன் வாரம் ரெண்டு தடவ வந்து போறாராம். அவர் கையில குடுத்து விடுறேன்.

முதல் நாளே ஓட்டல்ல சண்டை. கவுண்டர்ல ஒரு தமிழ்ப் பையன். மூணு பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பாக்குறான்.

"சார், இது ஃபேமிலி ரூம்."

"ஃபேமிலிதான் தம்பி"ன்னாரு அப்பா.

"திந் வின், கின் ஏ, சோ மின் து. ஒரு பேரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே?"

"எங்க ஊர்ல ஒட்டாதுப்பா. அவங்கவங்களுக்கு அவங்கவங்க பேரு. காகிதத்துல பர்மாப் பேரு, வீட்ல நான் வடிவேலு."

"அப்ப இது யார் பேரு?"

"அதுவும் நான்தான்."

எனக்கு வந்துச்சே கோவம்! "எங்க ரெண்டு பேரு மூக்கையும் பாருய்யா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"னு கேட்டேன். அம்மா கிள்ளுனாங்க. எங்க போனாலும் அப்பா, வீட்டுல யார் யாருன்னு வார்டு ஆபீஸ்ல முத்திரை போட்டுக் குடுக்குற வீட்டுப் பட்டியல் நகலைத் தூக்கிட்டு வருவாருல்ல, அதை நீட்டுனாரு. பர்மா எழுத்து அவனுக்குப் புரியல. நானே புடுங்கிப் படிச்சேன். ஒண்ணு அப்பா, ரெண்டு அம்மா, மூணு நீ. நாலாவது நான். என் பேரு மேல சிவப்புக் கோடு!

அப்பா வெடுக்குனு வாங்கிட்டாரு. "பழைய நகல்டா"ன்னாரு. பழசா? முத்திரையில போன மாசத் தேதி இருக்கு.

வார்டு ஆபீஸ்ல எவனோ தூங்கிக்கிட்டே என்னை அடிச்சிருக்கான். கோடு கூட கோணல், ரூல் தடி வைக்கத் தெரியாத பய. நீ நாளைக்கே போய் சரி பண்ணு. உயிரோட இருக்குறவன எப்படிய்யா அடிச்சீங்கன்னு கேளு.

அம்மா தன் லுங்கிய பாத்ரூம் வாசல்ல காயப் போட்டுட்டாங்க. பொம்பளை லுங்கிக்குக் கீழ போனா ஆம்பளைக்கு ஆகாதாம். அப்பா மூணு மாடி இறங்கி கீழ பாத்ரூமுக்குப் போறாரு. இந்தக் கூட்டத்தோடதான் நான் தைப்பூசம் பாக்கணும்.

பிரேம்

*

இன்சீன், ரங்கூன்
12 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி பிரேமுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கிறது. கோயில் வகுப்பில் உனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று வெளியே சொல்லிவிடாதே.

இங்கே கரண்ட் நாலு மணி நேரம்தான். உன் கடை முதலாளி மதீனா பீவி ரயிலில் என்னைப் பார்த்து உன்னை விசாரித்தார். வார்டு ஆபீசுக்குப் போக நேரமில்லை. ஷ்வேப்யிதா ஃபேக்டரியில் தினமும் ஓவர்டைம். பட்டியலைப் பற்றி நீ அலட்டிக்கொள்ளாதே.

பட்டர்வொர்த் போனதும் அம்சா சித்தி வீட்டில் மரியாதையாக நடந்துகொள். பச்சைப் பெட்டியில் ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். வகுப்பில் ஏசி இருக்கும், உனக்குச் சளி பிடிக்கும்.

உன் அக்கா
சித்ராதேவி

*

பட்டர்வொர்த், அம்சா சித்தி வீடு
15 பிப்ரவரி 2025

அக்கா,

எந்த வகுப்பு?

நானாவது எட்டுக் கிளாஸோட ஸ்கூலை விட்டவன். உனக்குப் பொய்யே சொல்ல வரல. பச்சைப் பெட்டியக் கொட்டிப் பாத்தேன். பத்து நாள் பயணத்துக்கு ஸ்வெட்டர், ஊசி போட்ட அட்டை, எட்டாங்கிளாஸ் மார்க் ஷீட், ஆறு லுங்கி. அப்பா பையில திரும்புற டிக்கெட் ரெண்டுதான்.

சாப்பிட உக்காந்தப்பவே கேட்டேன். "ரெண்டு டிக்கெட் இருக்கு. நான் நீந்தி வரவா?"

சித்தி அகப்பையோட அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. அப்பா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. "இருபத்தெட்டாம் தேதி உனக்குப் பதினெட்டு முடியுது."

"கேக் வெட்டுங்க. அதுக்கு எதுக்கு நாடு கடத்துறீங்க?"

"பதினெட்டு முடிஞ்ச பசங்களக் கட்டாயப் பட்டாளத்துக்குப் பேரு எடுக்குறாங்கடா. வீட்டுப் பட்டியலப் பாத்துத்தான் எடுக்குறாங்க."

அப்பதான் அந்தச் சிவப்புக் கோடு எனக்குப் புரிஞ்சுச்சு. எவனும் தூங்கல. அப்பாவே போய் அடிச்சிருக்காரு!

சித்தப்பா என்னை வெல்டிங் வகுப்புல சேத்தாச்சாம், பெர்மிட்டுக்கும் எழுதியாச்சாம். என் வேலை, என் கடை, என் கூட்டாளிங்க, ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா? மாடு விக்கிறவன் கூட மாட்ட ஒரு தடவ தடவிக் குடுப்பான். தைப்பூசத்தன்னைக்கு அம்மா பால்குடம் எடுத்துக்கிட்டு அழுதப்ப பக்தின்னு நினைச்சு விசிறி விட்டேன் நான்!

நீ ஒருத்தியாவது என் பக்கம் நில்லு. என் பேர திரும்பச் சேத்து ஒரு நகல் தேவராஜ் அண்ணன்கிட்ட அனுப்பு. அத அப்பா முன்னால போட்டு மூணாவது டிக்கெட் எடுக்க வைக்கிறேன். பத்தொம்போதாம் தேதி கிளம்புறாங்க. அதுக்குள்ள.

பிரேம்

*

இன்சீன்
17 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அடித்தது அப்பா இல்லை. நான்.

அப்பாவுக்கு அன்று கை ஓடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கிளார்க் பேனாவையும் ரூல் தடியையும் என் பக்கம் தள்ளி, "நீங்களே அடித்துக் கொடுங்கள், நான் முத்திரை போடுகிறேன்" என்றார். ரூல் தடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பேர் மேல் அப்படி நேராகக் கோடு போட எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது வீட்டு சாந்தி அக்கா மகனுக்குப் போன மாதம் பட்டாளக் குலுக்கலில் பேர் விழுந்தது. அவன் செருப்பு இன்னும் அவர்கள் வாசலில் கிடக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வந்திருக்க மாட்டாய்.

பேரைத் திரும்பச் சேர்க்க மாட்டேன். கோபத்தை என் மேல் வைத்துக்கொள். அம்மா அப்பாவிடம் பேசு. திரும்பும் வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் வர வேண்டும்.

சித்ரா

*

பட்டர்வொர்த்
19 பிப்ரவரி 2025

அக்கா,

நீ பண்ணது துரோகம். அத முதல்ல எழுதிடுறேன்.

காலையில பெட்டியத் தூக்கிட்டுக் கொல்லைப் பக்கமா கிளம்பிட்டேன். எங்க போறதுன்னு தெரியாது, இவங்க சொன்ன இடத்துல இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டுக்குக் குறுக்கால கொடியில அம்மாவோட லுங்கி தொங்குது. நான் குனிஞ்சு கேட்டத் தொறந்துட்டேன். பின்னாடியே அப்பா. கொடி வரைக்கும் வந்து நின்னுடுவாருன்னு எனக்குத் தெரியும். மூணு மாடி இறங்குன மனுஷனாச்சே.

நிக்கல அக்கா. அந்த லுங்கி அவரு மூஞ்சியில பட்டு, தலை மேல ஏறி, அதோடயே வந்து என் கையப் புடிச்சாரு. கீழ போனதே அவருக்குத் தெரியல. அவரு தலையில இருந்து லுங்கிய நான்தான் எடுத்தேன்.

மத்தியானம் கிளம்பிட்டாங்க. அம்மா கேட்டு வரைக்கும் போய் மூணு தடவ திரும்பி வந்து ஸ்வெட்டரப் பத்தியே சொன்னாங்க. நான் அவங்ககிட்ட பேசுனேன். நீ சொன்னதுக்காக இல்ல.

வெல்டிங் வகுப்புக்குப் படிவம் குடுத்தாங்க. குடும்பத்துல யார் யாருன்னு ஒரு கட்டம். நாலு பேரையும் எழுதுனேன். "பேரு எதுவும் ஒட்டலையே தம்பி"ன்னான் படிவம் வாங்குன ஆளு. "ஒட்ட வேணாம், இருந்தாப் போதும்"னேன்.

என் கோவம் போகல. நான் வர்ற வரைக்கும் என் ஸ்க்ரூடிரைவர் பெட்டிய எவனும் தொடக் கூடாது. மதீனா பீவிகிட்ட சொல்லிடு.

அப்பா அந்த நகல என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாரு. வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். கோட்டுக்குக் கீழ என் பேரு இன்னும் படிக்க முடியுது. ஒழுங்கா அடிக்கக் கூட உனக்குத் தெரியல. அப்படியே விடு.

பிரேம்நாத்