படி இறங்காத வண்டி

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் காய்ச்சல், சளி என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள். எல்லாரும் எழுதுகிற வரிதான், ஆனால் நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு பாப்பாவின் முகத்துக்கு நேராகப் போனைத் திருப்பிவிடுகிறாய், நானும் பாப்பாவைப் பார்த்ததும் கேட்க வந்ததை மறந்துவிடுகிறேன். மாப்பிள்ளையோடு ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை செய்கிற தெய்வசிகாமணி லீவில் பொன்னேரிக்கு வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்துவிட்டேன். குப்பத்துக்கே மனு எழுதிக் கொடுக்கிறவளுக்குச் சொந்த மகளுக்கு எழுத வார்த்தை வரவில்லை.

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏரியில் நம் பாடு வர இன்னும் நாலு நாள் இருக்கிறது, முறை வராமல் வலை இறக்க முடியாதே, அதனால் நைனா கரையில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறார். தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன், பழக்கத்தில் எப்போதும் போடுகிற அளவே மாவு பிசைந்துவிட்டேன், இரண்டு பேர் எத்தனை தின்ன முடியும், பக்கத்து வீட்டு இருசம்மாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மழைநாளில் அக்கரையிலிருந்து படகும் வராது. கதவைச் சாத்தினால் காற்றுச் சத்தம், திறந்தால் அலைச் சத்தம், அதைத் தவிர நாள் முழுக்கப் பேச்சுச் சத்தம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் நான் சாப்பிடாமல் இருந்தாலும் கேட்க ஆள் இல்லை, அதனால் சில நாள் சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

வண்டி விஷயம்தான். உன் தலைப்பிரசவத்தை இந்த வீட்டில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, என் பாஸ்போர்ட்டும் நேரத்துக்கு வரவில்லை, நான் இங்கே இருந்துகொண்டே நீ அங்கே வலியில் படுத்தாய். தொட்டில் போடவில்லை, மருந்து இடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் குழந்தை வண்டி தாய்வீட்டுச் சீராகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீ நாலு வண்டிக்குப் படம் அனுப்பினாய். இரண்டாவது படத்தைக் காட்டி, "இது போதும்மா, ஒரு கையால மடிச்சுத் தூக்கிக்கலாம்" என்று சொன்னாய், நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. அதன் சக்கரம் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. மணலில் போகுமா என்று கேட்டேன். இங்க மணல் எங்கம்மா இருக்கு என்று சிரித்தாய். மூன்றாவது படத்தில் சைக்கிள் சக்கரம் மாதிரி பெரிய சக்கரம் வைத்த கறுப்பு வண்டி இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அதையே வாங்கு, சீர் என்றால் நாலு பேர் பார்த்தால் தெரிய வேண்டும் என்று சொன்னேன். நைனாவும் "பெரிய சக்கரம்னா எதுலயும் ஏறிடும், அதையே எடுக்கச் சொல்லு" என்றார். எங்களுக்கு வண்டி என்றால் மணலில் புதையக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். நீ எத்தனையாவது மாடியில் இருக்கிறாய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருசம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். "இன்னா ஜமுனா, இதுல ஐஸ்பெட்டியே வெக்கலாம் போலக்கீதே, கொழந்தைய எங்க வெக்கறது" என்று கேட்டாள்.

வண்டி வந்த அன்று புதுப் படகுக்குச் செய்வது போலவே மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னேன், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னேன், மாப்பிள்ளை ஹாலிலேயே ஏற்றினார், பழம் நசுங்கிச் சாறு அந்த மரத்தரையில் ஓடியதை இங்கிருந்து பார்த்து நானும் நைனாவும் கும்பிட்டோம். அதன் பிறகு நீ தினமும் படம் அனுப்பினாய். பாப்பா வண்டியில், பார்க்குக்குப் போய்வந்தோம்மா, கால்வாய் ஓரம் போய்வந்தோம்மா என்று. நான் அதை எல்லாருக்கும் காட்டினேன், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவருக்குக்கூடக் காட்டினேன்.

முதலில் கவனித்தது நைனாதான். ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னாமே, புது டயர்ல முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கினு இருக்குமே, அது அப்படியே கீது. நம்ம பைக்ல பத்து நாள்ல தேஞ்சிடுச்சு. இந்த வண்டி ஓடவே இல்ல" என்றார். நான் அவரைத்தான் திட்டினேன். அப்புறம் நானே பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பின்னால் அதே வெள்ளைச் சுவர். அங்கே விடாமல் மழை என்கிறாய், எந்தப் படத்திலும் சக்கரம் நனைந்திருக்கவில்லை. நீ குளிக்கப் போன நேரத்தில் மாப்பிள்ளையிடம் கேட்டேன். பாவம், ஹேமந்த்துக்குப் பொய் சொல்ல வராது. முதலில் பாப்பாவுக்குச் சளி என்றார், அப்புறம் குளிர் என்றார், கடைசியில், "அத்தை, படி ஏணி மாதிரி இருக்கு, சுத்திச் சுத்தி இறங்குது, லிப்ட் இல்ல. நான் ஒரு பக்கம் அவ ஒரு பக்கம் பிடிச்சாதான் அந்த வண்டி இறங்கும். நான் காலைல போனா ராத்திரிதான் வர்றேன். மூணாவது மாடில இருந்து அவ தனியா எப்படி எடுப்பா" என்றார். சின்ன வண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னாராம். அம்மா கொடுத்த சீர் நடு ஹாலில் நிற்கும்போது இன்னொரு வண்டி வாங்கினால் அம்மா தாங்க மாட்டாங்க, இதை அம்மாவிடம் சொன்னால் அவரோடு பேச மாட்டேன் என்று நீ சொன்னாயாம். ஒன்பது வாரமாக நீ தெருவைப் பார்க்கவில்லை என்றார். தடுப்பூசிக்கு அவர் லீவு போட்டுக் கூட்டிப்போன இரண்டு நாள் தவிர. பாப்பா தூங்கும்போது நீயும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாய், கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாய், தலை வாரி நாளாகிறது என்றார். நான் சரி மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நைனாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு, நான் மறைத்தால் நீயும் மறைப்பாய் என்றுதான் என் கதையையும் சொல்கிறேன். இப்போது எழுதப் போவது உனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். நான் ஆரம்பாக்கத்தில் தார் ரோட்டைப் பார்த்த வீட்டில் வளர்ந்தவள், ரயிலேறிப் பொன்னேரிக்குக் காலேஜ் போனவள், மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதும்போது நீ வயிற்றில் ஐந்து மாதம். உன்னைப் பெற்று எடுத்துக்கொண்டு படகில் இந்தக் கரைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. வெயிலில் மணல் கொதிக்கும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் நடக்க எனக்குக் கால் வராது, இங்குள்ள பெண்கள் கூடையோடு ஓடுவார்கள், நான் நாலடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவேன். என் அப்பா அதைக் கேள்விப்பட்டு, பொன்னேரியில் மாற்றலாகிப் போன ஒரு பேங்க் ஆபீசர் வீட்டில் இருந்து ஒரு குழந்தை வண்டியைச் சீர் என்று வாங்கி, பஸ் மேலே கட்டி, படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். நீல வண்டி, குடையில் வாத்துப் படம் போட்டிருக்கும். மறுநாள் சாயங்காலம் நல்ல புடவை கட்டிக்கொண்டு உன்னை அதில் வைத்துத் தள்ளினேன். வாசலைத் தாண்டி பத்தடிகூடப் போகவில்லை, முன்சக்கரம் இரண்டும் மணலுக்குள் போய்விட்டது, வண்டி குப்புறச் சாய்ந்தது, உன்னை விழாமல் பிடித்துவிட்டேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினவள் மூன்று மாதம் வெளியே வரவில்லை. நைனா கடலுக்குப் போய்விடுவார், நீயும் நானும் அந்த வண்டியும்தான் வீட்டில். அப்பாவுக்கு மட்டும் வாரம் தவறாமல் கடிதம் எழுதினேன், தினமும் சாயங்காலம் பாப்பாவை வண்டியில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன், காற்று நன்றாக இருக்கிறது, எல்லாரும் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று. அப்பா அந்தக் கடிதங்களை ரயிலில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவாராம்.

அந்த மூன்று மாதத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. கிணற்றடிக்குப் போகக்கூடப் பயந்தேன், அதை மட்டும் சொல்கிறேன். இருசம்மாளுக்கும் எனக்கும் ஒரே வயது, அப்போது அதிகம் பேசினதில்லை, ஒருநாள் உப்பு கேட்டு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு நடந்துவிட்டாள். "எங்கடி எடுத்துக்கினு போற" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன், செருப்புகூடப் போடவில்லை. "வந்தா வா, வராட்டி போ, கொழந்தைக்குக் காத்து வேணும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்படித்தான் வெளியே வந்தேன். உனக்கு அங்கே அப்படி ஒருத்தி இல்லையே என்பதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெரிய சக்கரம் வைத்த வண்டியை நான் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது உனக்கே புரியும். உன் தெருவை நான் பார்க்கவே இல்லை. என் வாசல் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைக்காத வண்டியை உனக்கு வாங்கி, நான் இருந்தது போலவே உன்னையும் உள்ளே உட்கார வைத்துவிட்டேன். அதனால் நான் சொல்வதைக் கேள். அந்த வண்டியை விற்றுவிடு, இல்லை கீழ்வீட்டில் இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடு. சீரைக் கைமாற்றினால் ஆகாது என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, கொடுத்தவளே சொல்கிறேன், அதில் ஒரு தோஷமும் இல்லை. மடிக்கிற சின்ன வண்டியை நீயே பார்த்து வாங்கிக்கொள், படம் அனுப்பி என்னைக் கேட்காதே. நைனாவிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். "போன வருசம் வலை பாறையில மாட்டிக்கிச்சு, அறுத்துட்டுத்தான் வந்தேன், அது நல்ல வலைதான்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

சின்ன வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தெய்வசிகாமணி கையில் என் பழைய நூல் புடவை இரண்டு கொடுத்திருக்கிறேன், பலமுறை துவைத்தது, மெத்தென்று இருக்கும், நீளமாக மடித்துத் தோளில் இருந்து குறுக்கே கட்டி பாப்பாவை மார்போடு வைத்துக்கொள், இரண்டு கையும் படியின் கைப்பிடிக்கு வேண்டும். பெருங்காயம், ஓமம், வசம்பு வைத்திருக்கிறேன், கருவாட்டை விமானத்தில் விட மாட்டார்கள் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது பாப்பாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதே, உனக்குத் தூக்கம் வராததையும் இருட்டில் உட்கார்ந்திருப்பதையும் சொல், மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டே சொல். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது அப்படி யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. என் பாஸ்போர்ட் போன வாரம் வந்துவிட்டது, விசாவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று மாப்பிள்ளையை விவரமாக எழுதி அனுப்பச் சொல், இருசம்மாள் நைனாவுக்கு இரண்டு மாதம் சோறு போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டாள், "உன் புருசன் என் கைக் கொழம்பு தின்னுட்டு உன்ன மறந்துட்டா என்னைக் கேக்கக்கூடாது" என்றும் சொன்னாள்.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். கங்கையம்மனுக்குப் பாப்பா பெயரில் விளக்கு வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள், மழை விட்டிருந்தாலும் விடாவிட்டாலும், பாப்பாவைக் கட்டிக்கொண்டு கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கு. தெருவில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி ஏறிவிடு, அன்றைக்கு அது போதும். இறங்க முடியாமல் போனால் எனக்குப் போன் செய்து, முடியலம்மா என்று சொல், நான் வைக்காமல் கூடவே இருக்கிறேன். படம் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
மு. ஜமுனா